எருமை வளர்ப்பில் மகளிர் பங்கு: திருவில்லிபுத்தூர் ஆயர்பாடியும் நீலகிரித் தோடர் மந்தும்

ஆய்வுச்சுருக்கம்

ஊரகப் பழங்குடி மகளிர் எருமை வளர்ப்பில் பெறும் பங்கினைப் பேசும்போது, அவர்கள் செய்யும் வேலைகளை எண்ணிப் பட்டியலிடுவது பொதுவான முறையாக உள்ளது. வேலை மிகுதியானால் பங்கும் மிகுதி என்னும் எண்ணம் அம்முறையில் உட்பொதிந்து கிடக்கின்றது. பங்கினை அளக்க வேறொரு வினா தேவை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். மேய்ச்சல் நிலத்திலிருந்து நெய்ப்பானை வரை செல்லும் தொழிற்சங்கிலியில் பால் எந்த இடத்தில் பெண்ணின் கைக்கு வருகின்றது, கைக்கு வந்ததன் பயனைப் பிறிதொன்றாக மாற்றும் உரிமை அவளுக்கு உண்டா என்பதே அவ்வினா. ஆண்டாளின் திருப்பாவை, பெரும்பாணாற்றுப்படை, சிலப்பதிகாரம் ஆகியவை காட்டும் ஆயர் மகளிரையும், நீலகிரித் தோடர் சமூகத்து மகளிரையும் இவ்வினாவைக் கொண்டு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: எருமை வளர்ப்பு, ஆயர் மகளிர், தோடர், பாற்கூடம், திருப்பாவை, மேய்ச்சல் உரிமை.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் பாலோடு பிரியாத தொடர்புடைய ஊராகும். இவ்வூரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வூரை ஆயர்பாடியாகவும், தன்னை ஓர் ஆய்ச்சியாகவும் பாவித்து ஆண்டாள் திருப்பாவையைப் பாடினார் என்பது வைணவ மரபு. கறவையும் கன்றும் தயிரும் மத்தும் நிறைந்த அந்நூலில் எருமைக்கும் தனியிடம் உண்டு.

இவ்வூரின் மேற்கே உயர்ந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் செண்பகத்தோப்பு முதலிய இடங்களில் பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தேனெடுத்தல், கிழங்ககழ்தல், மலைபடுபொருள் சேகரித்தல் ஆகியவை அவர்தம் மரபுத்தொழில்கள். இம்மலைப்பகுதி 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. பளியர் கால்நடை வளர்ப்பை அடிப்படையாகக் கொண்ட சமூகத்தினர் அல்லர். எனவே திருவில்லிபுத்தூரில் எருமையும் பெண்ணும் இணையும் இடம் மலையில் இல்லை; சமவெளி ஆயர் வாழ்விலும் அதனைப் பாடிய இலக்கியத்திலும் உள்ளது.

தமிழகத்தில் எருமையையே வாழ்வின் நடுவில் வைத்த பழங்குடியினர் யாவர் என வினவின், நீலகிரியின் தோடரே முதலில் நினைவுக்கு வருவர். தொதவர் எனவும் வழங்கப்பெறும் இம்மக்கள், நடுவண் அரசு அறிவித்துள்ள, தமிழகத்தைச் சேர்ந்த ஆறு மிகவும் நலிவுற்ற பழங்குடியினருள் ஒருவர். எருமை வளர்ப்பை இத்துணை விரிவான சடங்கியலாக வளர்த்தெடுத்த சமூகம் உலகில் அரிது. ஆயினும் அச்சமூகத்தில் பெண் பால் கறப்பதில்லை, தயிர் கடைவதுமில்லை. ஆயர்பாடியில் மத்தின் ஓசையே பெண்ணின் அடையாளம். தோடர் மந்திலோ மத்து பெண்ணுக்கு விலக்கப்பட்ட பொருள். ஒரே விலங்கு, ஒரே பால், நேர்மாறான இரு ஏற்பாடுகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ‘மகளிர் பங்கு’ என்னும் தொடரின் பொருள் தெளிவடைகின்றது.

தமிழ் மரபில் எருமையின் இடம்

ஆயர் என்றவுடன் பசுவை மட்டும் எண்ணுவது பிற்காலப் பழக்கம் எனலாம். தொல்காப்பிய மரபியல், ‘ஆ’ என்னும் பெண்பாற் பெயரைப் பசுவுக்கு மட்டுமன்றி எருமைக்கும் மரைக்கும் உரியதாகக் கூறுகின்றது. ‘நாகு’ என்னும் பெயரும் எருமைக்குப் பொருந்தும். எருமையின் ஆணுக்குக் ‘கண்டி’ எனத் தனிப்பெயர் வழங்கியதையும் அவ்வியல் பதிவு செய்கின்றது. ஆகவே பழந்தமிழ் நூல்களில் ‘ஆ’ வருமிடமெல்லாம் எருமையை நீக்கிப் படிக்க இலக்கணத்தில் சான்றில்லை.

கலித்தொகையின் முல்லைக்கலி ஆயருள் பல பிரிவினரைச் சுட்டுகின்றது. அவருள் கோட்டினத்தாயர் எருமை வளர்ப்போர் என்றும், கோவினத்தாயர் பசு வளர்ப்போர் என்றும், புல்லினத்தாயர் ஆடு வளர்ப்போர் என்றும் கொள்வது உரைமரபு. விலங்கின் வகையால் குலப்பிரிவு அமைந்ததென்றால், எருமை வளர்ப்பு அன்று ஒரு தனித்தொழிலாக நிலைபெற்றிருந்தது என்பது புலனாகும்.

திணைக்கோட்பாட்டில் எருமை இருநிலத்துக்கும் உரியதாக நிற்கின்றது. ஆயர் முல்லைக்கு உரியவர். எருமையோ நம்பியகப்பொருளின்படி மருதத்துக் கருப்பொருள். நீரும் சேறும் நிழலும் வேண்டும் விலங்கு ஆதலின், வயலும் குளமும் நிறைந்த மருதம் அதற்கு இயல்பான இடமாயிற்று. நற்றிணையின் 80ஆம் பாடலில், விடியற்காலையில் எருமையின் பாலைக் கறந்துகொண்டபின் ஊர்ச்சிறுவர் அதன்மேலேறி மேய்ச்சலுக்குச் செல்லும் காட்சி வருகின்றது. மேய்த்தல் சிறுவர்க்கும் ஆடவர்க்கும் உரியது என்னும் தொழிற்பகுப்பின் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

ஆய்ச்சியின் கையில் பால்

மேய்ச்சலுக்கும் கறவைக்கும் அப்பால் சங்கிலி எவ்வாறு நீள்கின்றது என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தெளிவாகக் காட்டுகின்றது. தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு வழியிலுள்ள குடியிருப்புகளை எடுத்துரைக்கும் பகுதியில் ஓர் ஆயர்மகள் வருகிறாள். வைகறையில் தயிரைக் கடைகிறாள், வெண்ணெயை எடுக்கிறாள், மோர்ப்பானையைச் சுமட்டின்மேல் வைத்து ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்கிறாள். மோர் விற்ற வருவாயில் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போதோ பொன்னை வாங்க மறுத்து, எருமையும் நல்ல பசுவும் கரிய நாகும் பெறுகிறாள்.

இப்பகுதியின் பொருளாதார நுட்பம் ஊன்றி நோக்கத்தக்கது. மோர் கெடும் பொருள். அன்றன்றே விற்றாக வேண்டும். அதன் வருவாய் அன்றாட உணவாகின்றது. நெய் கெடாது நிற்கும் பொருள், சேர்த்து வைக்கலாம், அதன் வருவாய் முதலீடாகின்றது. இவ்விரு வருவாயையும் அவள் தனித்தனியே பிரித்துக் கையாள்கிறாள். பொன் ஈனாது, எருமை ஈனும். பொன்னை மறுத்து எருமையைக் கொள்ளும் அவள் செயல், மந்தையைப் பெருக்கும் முடிவை எடுப்பவள் அவளே என்பதை உணர்த்துகின்றது. மந்தையின் உரிமை யார் பெயரில் இருந்தது என்று பாட்டு கூறவில்லை. ஆனால் பாலை மோராகவும் நெய்யாகவும், நெய்யை மீண்டும் எருமையாகவும் மாற்றும் கை பெண்ணுடையது. பட்டியல் முறையில் இவள் ‘மோர் விற்பவள்’ என ஒரு வரியில் அடங்கிவிடுவாள். சங்கிலியாகப் படிக்கும்போதோ அவள் அம்மந்தையின் பொருளாளராகத் தோன்றுகிறாள்.

சிலப்பதிகாரம் இதனை நகர்ப்புறத்துக்கு நீட்டிக் காட்டுகின்றது. மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி, ஆய்ச்சியர் குரவையில் அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை தம்முடையது என அறிந்து, மகள் ஐயையை அழைத்துக் கயிறும் மத்தும் கொண்டு வருகிறாள். குடத்துப்பால் உறையாமையே வரவிருக்கும் துன்பத்தின் முதற்குறியாக அவளுக்குத் தோன்றுகின்றது. இங்கு இரு செய்திகள் உள்ளன. அரண்மனைக்கு நெய் வழங்கும் கடமை வீடுவீடாக முறை வைத்து நடந்தது. அம்முறையை நினைவிற்கொண்டு நிறைவேற்றியவள் பெண். பால் உறைதலையும் வெண்ணெய் உருகுதலையும் கூர்ந்து கவனித்து அதன் மாறுபாட்டைப் படிக்கும் அறிவும் அவளிடமே இருந்தது. தொழிலறிவே தீநிமித்தம் அறியும் அறிவாகவும் காப்பியத்தில் செயற்படுகின்றது.

திருப்பாவையின் எருமைகள்

இப்பின்னணியில் திருவில்லிபுத்தூரின் திருப்பாவைக்கு வருவோம். சமயப் பொருளில் ஆழ்ந்து விளக்கப்பெற்ற இந்நூல், ஆயர் குடியிருப்பின் விடியற்காலத் தொழிற்பகுப்பை அடுத்தடுத்த பாசுரங்களில் வரிசையாகத் தருகின்றது.

7ஆம் பாசுரத்தில் ஆய்ச்சியர் மத்தினால் தயிர் கடையும் ஓசை விடிந்ததற்கு அடையாளமாகின்றது. 8ஆம் பாசுரத்தில் கிழக்கு வெளுக்கும்போது எருமைகள் ‘சிறுவீடு’ மேயப் பரவுகின்றன. கறப்பதற்கு முன் விடியற்காலையில் பனிப்புல்லைச் சிறிது நேரம் மேய விடுதலையே இச்சொல் குறிக்கும் என உரையாசிரியர் விளக்குவர். எருமை வளர்ப்போரின் தொழிற்சொல் ஒன்று பக்தி நூலின் வழியாக நம்மை வந்தடைந்துள்ளது. 11ஆம் பாசுரத்தில் பல கறவைக் கூட்டங்களைக் கறப்பவர் கோவலர். விளிக்கப்படும் பெண் அக்குடியில் பிறந்த கொடி போன்றவள். 12ஆம் பாசுரத்தில் இளங்கன்றையுடைய எருமை, கன்றை நினைந்த அளவிலேயே பால் சொரிந்து இல்லத்தைச் சேறாக்குகின்றது. அங்கு விளிக்கப்படுபவள் செல்வன் ஒருவனின் தங்கை.

கன்றை நினைந்து பால் சொரியும் எருமை வெறும் கற்பனை அன்று. எருமையின் மடியில் பால் பெரும்பகுதி உட்சுரப்பிகளிலேயே தங்கியிருக்கும். கன்றின் தொடுகையோ பழகிய சூழலோ தூண்டிய பின்னரே இறங்கும். பசுவைவிட எருமைக்குப் பால் இறங்க நேரம் கூடுதலாகும் என்பதைக் கால்நடை மருத்துவ அறிவியல் விளக்குகின்றது. கன்றிழந்த எருமையைக் கறப்பது அரிது என்பதை எருமை வைத்திருப்போர் அறிவர். இவ்விலங்கின் இயல்பை அருகிருந்து கண்ட ஒரு சூழலிலிருந்தே அப்பாசுரம் எழுந்திருக்க வேண்டும்.

ஆயினும் கறவை யாருடையது என்னும் வினாவுக்குப் பாசுரங்கள் தரும் விடை வேறு. கறப்பவன் கோவலன். பால் கறக்கப்படாமல் சொரிந்து வீணானதற்குக் காரணம், தமையன் கண்ணனுக்குப் பணிசெய்யச் சென்றமையே என்று வியாக்கியானங்கள் கூறும். செல்வம் தமையனுடையது, பெண் ‘தங்கை’ என்னும் உறவால் அச்செல்வத்தோடு இணைக்கப்படுகிறாள். ஆக, ஆயர் மரபில் கறவை ஆடவர் கையிலும், கடைதலும் விற்றலும் மாற்றுதலும் பெண் கையிலும் இருந்தன. பால் கறவைக்கலத்தை விட்டு வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பெண்ணுடையதாகின்றது.

தோடர் மந்தும் பாற்கூடமும்

மேற்கண்ட சங்கிலியில் பெண்ணின் பிடி தொடங்கும் இடத்தையே நீலகிரியில் தோடர் முற்றிலும் வேறாக அமைத்தனர். தோடர் பற்றிய விரிவான முதல் மானிடவியல் நூலை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்டார். பின்னர் எம். பி. எமனோ 1971இல் தோடர் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். ஆந்தனி வாக்கர் 1986இல் தோடர் வாழ்வை மறுஆய்வு செய்து எழுதினார். இவர்கள் தரும் செய்திகள் எருமையின் நடுநாயக நிலையை உறுதிப்படுத்துகின்றன.

தோடர் எருமைகள் புனித எருமைகள், பொது எருமைகள் என இருவகைப்படும். புனித எருமைகளுக்கெனப் பல படிநிலைப் பாற்கூடங்கள் இருந்தன. கூடத்தின் படிநிலை உயர உயர அதனை நடத்துவோன் கடைப்பிடிக்க வேண்டிய நோன்பும் கடுமையாயிற்று. ‘தி’ எனப்பெற்ற மிகவுயர்ந்த பாற்கூடத்தின் பொறுப்பாளரான ‘பலோல்’ இல்வாழ்வை விட்டு ஒதுங்கியே பணியாற்றினார். பொது ஆடவரும் அவரைத் தீண்டலாகாது. அத்தகைய கூடங்கள் இன்று வழக்கிழந்துவிட்டன. பொது எருமைகளின் பாலுக்கு இத்தகைய புனிதம் இல்லை. அது குடியிருப்பு வீட்டிலேயே கடையப்பட்டது. அங்கும் கடைந்தவர் ஆடவரே.

இவ்வமைப்பில் விலக்கு ஒரே கோடாக இல்லை என்பது கருதத்தக்கது. உயர்நிலைக் கூடங்களிலிருந்து பொது ஆடவரும் விலக்கப்பட்டனர். ஆயின் ஆடவனுக்கு விலக்கு படிநிலையைப் பொறுத்தது. நோன்பேற்றால் அவன் உள்ளே செல்லலாம். பெண்ணுக்கோ எல்லாப் படியிலும் விலக்கு உண்டு. மந்தில் அவள் நடக்கும் வழி பாற்கூடத்தை விலகிச் சென்றது. கூடத்திலிருந்து மோர் பெறுவதற்கென அவளுக்கு ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. பால் தயிராகி, தயிர் வெண்ணெயும் மோருமாகப் பிரிந்த பின்னரே அவள் கைக்கு வந்தது. ஆயர்பாடியில் சங்கிலியின் நடுவில் தொடங்கும் பெண்ணின் பிடி, தோடர் மந்தில் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தொடங்குகின்றது.

தொன்மம் கூறும் மறுசெய்தி

பாற்கூடத்திலிருந்து விலக்கப்பட்ட பெண்ணை, தோடரின் தொன்மம் எருமைத் தோற்றத்தின் மையத்தில் வைக்கின்றது. ரிவர்ஸ் பதிவு செய்த கதையின்படி, ஓன் என்னும் தெய்வமும் அவன் மனைவியும் குந்தா மலைப்பகுதிக்குச் சென்று இரும்புக் கோல் ஒன்றை நட்டனர். ஓன் ஒருமுனையில் நின்று நிலத்திலிருந்து 1,600 எருமைகளை வெளிக்கொணர்ந்தான். அவன் மனைவி 1,800 எருமைகளை வெளிக்கொணர்ந்தாள். ஓன் கொணர்ந்த எருமைகளின் இறுதியில் அவற்றுள் கடைசி எருமையின் வாலைப் பிடித்தவாறு முதல் தோடன் வெளிவந்தான். ஓனின் எருமைகளின் வழிவந்தவை புனித எருமைகள். மனைவியின் எருமைகளின் வழிவந்தவை பொது எருமைகள்.

இக்கதை இருவகை எருமைகளின் வேறுபாட்டுக்குக் காரணம் கூற எழுந்ததாகத் தோன்றுகின்றது. அதே வேளையில் அது ஓர் ஒப்புதலையும் உள்ளடக்கியுள்ளது. எண்ணிக்கையில் மிகுந்த மந்தை பெண்ணுடையது. வீட்டு உணவுக்கு உதவும் மந்தையும் அவளுடையதே. மற்றொரு பெண்தெய்வமான தெய்கிர்ஷி, எருமைகளைக் குலங்களுக்குப் பங்கிட்டுத் தந்தவளாகவும், தோடர் சமூக ஒழுங்குகளை வகுத்தவளாகவும் போற்றப்படுகிறாள். பங்கிட்டவள் பெண், ஒழுங்கை வகுத்தவளும் பெண். அவ்வொழுங்கின்கீழ்க் கறவைக்கலத்தைத் தொட முடியாதவளும் பெண். ‘தோடர் மகளிர்க்கு எருமையோடு தொடர்பில்லை’ என்னும் முடிவுக்குத் தொன்மமே இடந்தரவில்லை. தொடர்பு உண்டு; உழைப்பாக வெளிப்படும் வாயில் மட்டுமே அடைக்கப்பட்டுள்ளது.

உறவின் வழியே நகரும் எருமை

உடைமையிலும் இதே இரட்டைநிலை காணப்படுகின்றது. ரிவர்ஸ் காலத்தில் எருமைகள் தந்தைவழியில் மகன்களுக்குச் சென்றன. ஆயினும் எருமைகள் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்துக்கு நகர்ந்ததற்குப் பெண்ணின் மணவுறவு முதன்மைக் காரணமாயிற்று. மணமான பெண்ணை வேறொருவர் மனைவியாக ஏற்கும் வழக்கில், முதற்கணவனுக்கு எருமைகளே ஈடாகத் தரப்பட்டன. பெண் இறந்தால் அவளுக்காக எருமை பலியிடப்பட்டது. ஆடவன் இறப்பில் பொது எருமையோடு புனித எருமையும் பலியாக, பெண்ணின் இறப்பில் பொது எருமை மட்டுமே பலியாயிற்று. பாற்கூடத்தின் படிநிலை ஈமச்சடங்கிலும் தொடர்ந்ததை இது காட்டுகின்றது.

பெரும்பாணாற்றுப்படையின் ஆயர்மகள் நெய்யைக் கொடுத்து எருமையைக் கொள்பவள். தோடர் மகளிரோ தம் மணவுறவின் வாயிலாக எருமையைப் பிறருக்கிடையே நகரச் செய்தவர். இருவர் வாழ்விலும் எருமை நகர்கின்றது. முன்னவள் கொள்வோளாக நிற்கிறாள்; பின்னவள் கொள்கொடைக்குக் காரணமாக மட்டுமே நிற்கிறாள். மகளிர் பங்கினை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு வேலைகளின் எண்ணிக்கையைவிட முதன்மை பெற வேண்டும்.

உலகின் பிற எருமைச் சமூகங்களிலும் இச்சங்கிலி ஒரே வகையில் அமைவதில்லை. 1991இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட சம்மு காசுமீரின் குஜ்ஜருள், பால் விற்போரான தோதி குஜ்ஜர் எருமைகளோடு பருவந்தோறும் மலையேறி இறங்குவோர். அவர்தம் மகளிர் வெண்ணெயும் நெய்யும் ஆக்குவதில் முன்னிற்கின்றனர். தோடரின் விலக்கு எருமை வளர்ப்பின் பொது விதியன்று. பாலைப் புனிதப்படுத்திய ஒரு சமூகத்தின் தனித்த ஏற்பாடு என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

பதிவின் சாய்வு

தோடர் மகளிர் பற்றி நாம் அறிவது குறைவாக இருப்பதற்கு, விலக்கு மட்டும் காரணமன்று. பதிவு செய்த முறையும் காரணமாகும். ரிவர்ஸ் தம் நூலின் முற்பகுதியில் பல இயல்களைப் பாற்கூடங்களுக்கும் அவற்றின் சடங்குகளுக்கும் ஒதுக்கினார். பெண்கள் பெரும்பாலும் மணம், மகப்பேறு, இறப்பு ஆகிய இயல்களில் வருகின்றனர். எருமை பற்றிய அறிவு என்றால் பாற்கூட அறிவு என ஆய்வு வரையறுத்தவுடன், பாற்கூடத்துக்கு வெளியே நின்றவளின் அறிவு ஆய்வுக்கும் வெளியே நின்றுவிட்டது.

அவ்வறிவு வேறிடங்களில் தங்கியுள்ளது. தோடர் தம் பெண்ணெருமைகள் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு அழைப்பர். அப்பெயர்களும் மந்துகளின் பெயர்களும் பாடல்களில் நிறைந்துள்ளன. தோடர் போர்த்தும் பூத்குளி என்னும் மேலாடையில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்வது மகளிரின் தனித்தொழில். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூவேலையில் எருமைக் கொம்பின் வடிவம் இடம்பெறுகின்றது. பாற்கூடத்துக்குள் நுழைய முடியாத கை, எருமையைத் துணியில் பதித்து வைத்தது. பாற்கூடத்தை எருமைப் பண்பாட்டின் ஒரு நூலகம் எனக் கொண்டால், பூத்குளி அதன் மறுநூலகம் எனலாம்.

இன்றைய நிலை

தோடர் எருமை தனி இனமாக அறியப்பட்டது. ஒரு கறவைக்காலத்தில் சுமார் 500 கிலோ பாலே தரும். ஆயின் அப்பாலில் கொழுப்பு 8 விழுக்காட்டுக்கு மேல். அளவால் அளக்கும் பால் சந்தையில் இத்தகைய எருமைக்கு இடம் சுருங்குவது இயல்பு. நீலகிரியின் புல்வெளிகள் சீகை, யூகலிப்டசு முதலிய அயல்மரத் தோட்டங்களாக மாறியமை மேய்ச்சலையும் சுருக்கியது. தமிழகம் முழுவதிலும் எருமை குறைந்து வருகின்றது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 இலட்சமாக இருந்த எருமைகள், 2019இல் ஏறத்தாழ 5.2 இலட்சமாயின.

இந்நிலையில் வேலைப்பட்டியல் ஆய்வுமுறை நடைமுறைத் தீங்கு விளைவிக்கக்கூடும். கறவையாளரே எருமை வளர்ப்போர் என்று திட்டங்கள் வரையறுத்தால், தோடர் மகளிர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். மாறாக, எங்கும் பெண்ணே கறவையாளர் என்று கொண்டு கறவைப்பயிற்சியும் கறவைக்கடனும் வழங்கினால், அத்திட்டம் தோடர் மரபோடு மோதும். பெண்ணின்மேல் புதிய உழைப்பை ஏற்றும். வருவாயின்மேல் உரிமையை அவளுக்குத் தராமலும் போகலாம்.

2006இன் வன உரிமைச் சட்டம் இங்கு ஒரு வாயிலைத் திறக்கின்றது. மேய்ச்சல் உரிமையைச் சமூக உரிமையாக அச்சட்டம் ஏற்கின்றது. மணமானோர்க்கு வழங்கும் நில உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும் என்கின்றது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, உரிமைகள் பற்றி முடிவெடுக்கும் கிராமசபையின் குறைந்தபட்ச வருகையில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருத்தல் வேண்டும். பாற்கூடத்தில் பெண்ணுக்கு இடமில்லாத சமூகத்திலும், புல்வெளியின் எதிர்காலத்தை முடிவு செய்யும் அவையில் அவளுக்குச் சட்டம் இடம் தருகின்றது. புல்வெளி இன்றி எருமை இல்லை ஆதலின், இவ்விடம் கறவைக்கலத்தினும் பெரிது. சடங்கை மாற்றாமலே உரிமையை விரிவாக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

எருமை வளர்ப்பில் மகளிர் பங்கினை ஆராய்வோர், மேய்ப்பவர் யார், கறப்பவர் யார், கடைபவர் யார், விற்பவர் யார், விற்ற பயனை மாற்றுபவர் யார், மேய்ச்சல் நிலம் யார் பெயரில் உள்ளது என்னும் ஆறு வினாக்களையும் தனித்தனியே எழுப்ப வேண்டும். ஆயர் மகளிர் முதலிரண்டிலும் இல்லை. அடுத்த மூன்றிலும் உள்ளனர். தோடர் மகளிர் மரபுமுறையில் கறவையிலும் கடைதலிலும் இல்லை. மந்தை குடும்பங்களுக்கிடையே நகர்வதற்கும், அதன் நினைவு துணியில் நிலைப்பதற்கும் காரணராக உள்ளனர். ஆறாவது வினாவுக்கான விடை இருதிறத்தார்க்கும் இன்னும் எழுதப்பட வேண்டிய நிலையில் உள்ளது.

உழைப்பு மிகுதியாக இருந்தும் உரிமை குறைவாக இருக்கலாம். உழைப்பு விலக்கப்பட்டும் தொடர்பு ஆழமாக இருக்கலாம். திருப்பாவையின் தங்கையும், தோடர் மந்தில் மோர் பெற நின்ற பெண்ணும் இவ்விரு உண்மைகளையும் உணர்த்துகின்றனர். திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தயிரும் மோரும் விற்று வாழ்ந்த முதிய மகளிரின் வாய்மொழிகளையும், நீலகிரித் தோடர் மகளிரின் எருமை பற்றிய நினைவுகளையும் மேற்கூறிய வினாக்களின் அடிப்படையில் தொகுப்பது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். எருமைகளின் எண்ணிக்கை குறைந்து வருவதால், அப்பணியை நெடுநாள் ஒத்திவைக்க இயலாது.